கம்பைலர் திட்டினால் திட்டட்டும்!

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பிரிவு மாணவன்)



ஆண்டு மலர் என்றாலே கவிதை எழுதுவார்கள். நட்பைப் பற்றி எழுதுவார்கள், பிரிவைப் பற்றி எழுதுவார்கள். இந்த மலரிலும் அதற்குக் குறைவிருக்காது. ஆகவே நான் வேறொன்றைப் பற்றி எழுதுகிறேன். மூன்றாம் ஆண்டு வந்தவுடன் நம் எல்லோர் தலையிலும் ஏறி உட்காருகிறதே ஒன்று, ப்ராஜெக்ட், அதைப் பற்றி!

இப்போது எந்த பேட்சைக் கேட்டாலும் "மொபைல் ஆப் பண்றோம்" என்கிறார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் "எதில் எழுதுகிறீர்கள்?" என்று அடுத்த கேள்வி கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் சிரித்து மழுப்புவார்கள். ஏனென்றால் அவர்கள் எழுதவில்லை. பஸ் ஏறிப் போய் ஒரு "ப்ராஜெக்ட் சென்டரில்" பணம் கட்டி வாங்கி வருகிறார்கள். தலைப்பு அவர்களே தருவார்கள், ரிப்போர்ட் அவர்களே பைண்டிங் போட்டுத் தருவார்கள், வைவாவுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டு பக்கம் ஜெராக்ஸும் தருவார்கள். அட்டையில் இருக்கும் பெயர்கள் மட்டும்தான் நம்முடையவை.

இதில் என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னச் செயலியாக இருந்தாலும் பரவாயில்லை, அதை நாமே எழுத வேண்டும். எழுதுவதைக் கம்பைல் ஆகிற ஒரு மொழியில் எழுத வேண்டும். "நாமே எழுதணும், சரி. அது என்ன கம்பைல் ஆகிற மொழி? எதில் எழுதினால் என்ன?" என்று கேட்பீர்கள். அதற்குத்தான் இவ்வளவு பக்கம்.

போன வருஷம் சீனியர் அண்ணன்கள் ஒரு பேட்ச் ஒரு சென்டரில் வாங்கிய செயலியை எனக்கு அனுப்பினார்கள். நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஆண்ட்ராய்டு செயலி வருகிற ஏபிகே கோப்பு இருக்கிறதல்லவா, அது உள்ளுக்குள் ஒரு ஜிப் கோப்புதான். பெயரின் கடைசியில் ஜிப் என்று மாற்றித் திறந்தால் திறந்துவிடும். கம்பைல் ஆன புரோகிராம் "கிளாசஸ் டெக்ஸ்" என்ற கோப்பில் இருக்கும். சி, சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய பகுதி இருந்தால் "லிப்" என்ற ஃபோல்டரில் இருக்கும். அண்ணன்களுடைய செயலியில் டெக்ஸ் கோப்பு பேருக்கு ஒன்று கிடந்தது. "அசெட்ஸ்" ஃபோல்டருக்குள் நாலைந்து எச்டிஎம்எல் பக்கம், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், யாரோ ஒரு கம்பெனியின் லோகோ. ஆக, ஒரு வெப்சைட்டை எடுத்துச் சட்டை மாட்டி ஆப் என்று விற்றிருக்கிறார்கள். நெட்டை அணைத்துவிட்டுத் திறந்தால் வெள்ளைத் திரை. அதற்கு ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய்!

இந்த இரண்டாயிரம் பெரிய விஷயமா என்று சிலர் நினைக்கலாம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல். "ப்ராஜெக்டுக்குப் பணம் கட்டணும்" என்று சொன்னால் எதற்கு, ஏன் என்று கேட்கக்கூட அவர்களுக்குத் தெரியாது. கேட்டால் பையன் படிப்பு கெட்டுவிடுமோ என்று பயந்து எங்காவது புரட்டிக் கொடுத்துவிடுவார்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் இதே கதைதான். கேள்வி கேட்கத் தெரியாதவர்களிடம் வாங்கி, பதில் சொல்லத் தெரியாத ஒரு பொருளுக்குக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, கம்பைலுக்கு வருவோம். வகுப்பில் கம்பைலர், இன்டர்ப்ரெட்டர் வித்தியாசத்தை இரண்டு மார்க் கேள்வியாகப் படித்து மறந்திருப்போம். நம்ம ஊர் வழக்கிலேயே சொல்கிறேன். செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனார்கள் அல்லவா? அங்கே போய் பர்மியரிடம் பேச ஒரு வழி, கூடவே ஒரு துபாஷியை வைத்துக்கொள்வது. நீங்கள் ஒரு வரி சொல்ல, அவர் அதை பர்மிய மொழியில் சொல்ல, இப்படியே நாள் முழுக்க. இன்டர்ப்ரெட்டர் என்பது இதுதான். இன்னொரு வழி, கப்பல் ஏறும் முன்பே சொல்ல வேண்டியதையெல்லாம் பர்மிய மொழியில் எழுதி எடுத்துப் போய்விடுவது. அங்கே போனால் நீட்ட வேண்டியதுதான் பாக்கி. இது கம்பைலர். துபாஷிக்குச் சம்பளம், சாப்பாடு, கிட்டங்கியில் இடம் எல்லாம் தர வேண்டும். போனில் அந்தச் சாப்பாடும் இடமும்தான் ராம், பேட்டரி.

துபாஷியை வைத்துக்கொண்டு எவ்வளவு கஷ்டம் என்பதை ஆண்ட்ராய்டே பட்டுத் தெரிந்துகொண்டது. 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தபோது டால்விக் என்ற ஒன்று செயலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து ஓட்டியது. வேகம் போதவில்லை. 2010-ல் ஆண்ட்ராய்டு 2.2-ல், அடிக்கடி ஓடும் பகுதியை மட்டும் ஓடும்போதே மெஷின் மொழிக்கு மாற்றும் ஏற்பாடு வந்தது. அதுவும் போதாமல் 2014-ல் ஆண்ட்ராய்டு 5.0-ல் டால்விக்கையே தூக்கிவிட்டு ஏஆர்டி வந்தது. இது செயலியை நிறுவும்போதே முழுசாக மாற்றிவிடும். அப்போது போன் வைத்திருந்த அண்ணன், அக்காக்களைக் கேட்டால் சொல்வார்கள், அப்டேட் போட்டால் "ஆப்டிமைசிங்" என்று ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக்கொண்டே ஒரு திரை நிற்கும். அந்த நேரத்துக்குள் டீ குடித்துவிட்டு வரலாம். நேரமும் இடமும் பிடித்ததால் 2016-ல் ஆண்ட்ராய்டு 7-ல் இரண்டையும் கலந்தார்கள். நீங்கள் அதிகம் பயன்படுத்தும் பகுதியைக் கவனித்து வைத்துக்கொண்டு, போன் சும்மா சார்ஜில் கிடக்கும்போது கம்பைல் செய்துகொள்கிறது. எட்டு வருஷம் சுற்றி அவர்கள் வந்து சேர்ந்த இடம், முடிந்த வரை முன்கூட்டியே கம்பைல் செய் என்பதுதான்! ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் இருக்கும் ஃபேஸ்புக்கூட ரியாக்ட் நேட்டிவுக்காக 2019-ல் ஹெர்மீஸ் என்ற ஒன்றைக் கொண்டுவந்து, போனுக்கு வருவதற்கு முன்பே பாதி வேலையை முடித்து அனுப்புகிறது.

வேகம் மட்டும்தான் காரணம் என்றால் நான் இவ்வளவு சத்தம் போட மாட்டேன். புதுப் போன் வைத்திருப்பவருக்கு வேக வித்தியாசம் தெரியவே தெரியாது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அதை மொய்க் கணக்கு வைத்துச் சொல்கிறேன்.

மொய் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காதுகுத்தோ கல்யாணமோ, வாசலில் மேசை போட்டு நோட்டு விரித்து ஊர், பேர், தொகை எழுதுவார்கள். அது அன்பளிப்பு என்று பேர்தானே தவிர, வட்டியில்லாக் கடன். நமக்கு ஐநூற்று ஒன்று செய்தவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் போவோம். ஒரு ரூபாய் மாறினாலும் "நாங்க செஞ்சது என்ன, அவுக திருப்பிச் செஞ்சது என்ன" என்று பத்து வருஷத்துக்குப் பேச்சு ஓடும். இப்போது பல மண்டபங்களில் கணிப்பொறியும் குட்டி பிரிண்டரும் வந்துவிட்டன. ஆனால் கிராமத்துப் பந்தலில் இன்னும் நோட்டுதான். இதை ஒரு போன் செயலியாகச் செய்வது நம் பேட்சின் ப்ராஜெக்ட்.

இதை ஜாவாஸ்கிரிப்டில் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் தட்டிய தொகை எப்போதும் எழுத்தாகத்தான் வரும். அதை எண்ணாக மாற்ற மறந்துவிட்டு 501-ஐயும் 100-ஐயும் கூட்டச் சொன்னால் 601 வராது. 501100 வரும்! ஐந்து லட்சத்து ஓராயிரத்து நூறு ரூபாய் மொய்! ஜாவாஸ்கிரிப்ட் வாயே திறக்காது. செயலி ஓடும், ரசீது அடிக்கும், பந்தலில் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள். அதே வேலையைக் கோட்லினில் செய்யுங்கள். "மொத்தம் என்பது எண்" என்று ஒரு வார்த்தை எழுதி வைத்திருந்தால் போதும். எழுத்தையும் எண்ணையும் ஒட்டி அதற்குள் போட முயன்றால், கம்பைலர் அந்த வரியிலேயே சிவப்புக் கோடு போட்டு நிறுத்திவிடும். செயலியே உருவாகாது. பந்தலுக்குப் போகிற பேச்சே இல்லை.

இன்னொன்று. கருப்பையா என்ற பெயரில் ஒரே பந்தலில் நாலு பேர் இருப்பாக. ஊர் பேரை வைத்துத்தான் பிரிக்க வேண்டும், கண்டனூரா, புதுவயலா, சாக்கோட்டையா என்று. ஆனால் அவசரத்தில் ஊரை எழுதாமல் விட்டுவிடுவார்கள். வெறுமையான அந்த இடத்தைத் தொட்டவுடன் பல செயலிகள் படக்கென்று மூடிக்கொள்ளும். "ஒன்றுமில்லை" என்பதைக் குறிக்கும் இந்த நல் என்ற சமாச்சாரத்தை 1965-ல் கொண்டுவந்தவர் டோனி ஹோர் என்ற இங்கிலாந்துக் கணிப்பொறி அறிஞர். 2009-ல் அவரே அதைத் தன் பில்லியன் டாலர் தவறு என்று மேடையில் சொன்னார். கோட்லினில் ஊர் காலியாக இருக்கலாம் என்றால் அதன் வகைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். போட்டுவிட்டால், காலியாக இருந்தால் என்ன செய்வாய் என்று நீங்கள் எழுதாத வரை கம்பைலர் விடாது. நம்ம ஊர்ப் பெரிய கடைகளில் ஐந்தொகை அடையாமல் கணக்குப்பிள்ளையை வீட்டுக்கு விட மாட்டார்களாமே, அதே கண்டிப்பு.

இங்கே ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். கம்பைல் ஆகிற எல்லா மொழியும் இப்படிக் கண்டிப்பானவை அல்ல. நாம் படிக்கிற சி மொழியின் கம்பைலர் பல இடங்களில் "எப்படியோ போ" என்று விட்டுவிடும். பத்துப் பேருக்கான அரேயில் பதினோராவது ஆளை உட்கார வைத்தாலும் கேட்காது. 1972-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி அதை உருவாக்கியபோது, எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையில் விட்டிருக்கிறார் போலும்! ஆகவே செயலி முழுவதையும் சி-யில் எழுதச் சொல்லவில்லை. ஆண்ட்ராய்டில் சி, சி பிளஸ் பிளஸ் எழுத என்டிகே என்ற கருவி 2009-லேயே வந்துவிட்டது. ஆனால் பட்டன், திரை எல்லாவற்றையும் அதில் இழுத்துக் கட்டுவது பெரும் பாடு. டிராப்பாக்ஸ் கம்பெனியே ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் பொதுவாக சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிப் பல வருஷம் ஓட்டிவிட்டு, இது கட்டுப்படியாகவில்லை என்று 2019-ல் கோட்லினுக்கும் ஸ்விஃப்டுக்கும் மாறியதாக எழுதினார்கள்.

அதற்காக சி வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் மொய்க் கணக்கு போனுக்குள் எங்கே சேமிக்கப்படும்? எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸில். அது எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் இருக்கிறது. 2000-ல் ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் வெளியிட்டது, முழுக்க சி-யில் எழுதியது, காசும் கேட்காமல் உலகத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். நெட் இல்லாத பந்தலிலும் கணக்கு நிற்கும் என்றால் அது அந்த சி-யின் புண்ணியம். அந்தச் சட்டை மாட்டிய வெப்சைட்டின் வெள்ளைத் திரையை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கோட்லின் யார் பெற்ற பிள்ளை என்று கேட்பவர்களுக்கு: ஜெட்பிரெயின்ஸ் கம்பெனி 2011-ல் அறிவித்தது. ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்துக் கடலில் இருக்கும் ஒரு தீவின் பெயரை வைத்தார்கள். 2017-ல் கூகுள் ஆண்ட்ராய்டுக்கு ஏற்றுக்கொண்டது, 2019-ல் இதுதான் முதல் மொழி என்று சொல்லிவிட்டது. ஜாவா படித்தவனுக்கு இது பாதிக்கு மேல் தெரிந்த மொழி. நம் பாடத்தில் ஜாவா இருக்கிறதே!

ஃப்ளட்டர் கற்கிற நண்பர்கள் என்மேல் கோபிக்க வேண்டாம். அதன் டார்ட் மொழியும், செயலியை வெளியிடும்போது மெஷின் மொழியாகக் கம்பைல் ஆவதுதான். நீங்களும் நம்ம கட்சிதான்.

"லேப்டாப்பே இல்லை, இருந்தாலும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போட்டால் ஃபேன் கத்துது" என்பது எல்லோரும் சொல்லும் பதில். நியாயமான பதில்தான். அந்த மென்பொருளுக்குக் குறைந்தது 8 ஜிபி ராம் வேண்டும், திரைக்குள் பொம்மைப் போனையும் ஓட்டினால் 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. ஆனால் பொம்மைப் போன் எதற்கு? கையில் நிஜப் போன் இருக்கிறதே! செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் வசதி திறக்கும். கேபிளில் மாட்டினால் உங்கள் போனிலேயே ஓடும். தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தது. அது கையில் கிடைத்தவர்களாவது சினிமா பார்ப்பதோடு நிறுத்தாமல் இருக்கலாம்.

எதுவுமே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. டெர்மக்ஸ் என்று ஒரு இலவசச் செயலி. அதற்குள் கிளாங் என்ற சி கம்பைலரை இறக்கிக்கொள்ளலாம். பஸ்ஸில் வரும்போது நாலு வரி சி எழுதி, போனிலேயே கம்பைல் செய்து, போனிலேயே ஓட்டலாம். நான் அப்படித்தான் ரெண்டாம் வருஷம் லேப் பயிற்சியை முடித்தேன். சில லேப்களில் இன்னும் டர்போ சி நீலத் திரைதான். அதில் இன்ட் 32767-க்கு மேல் தாங்காது. போனில் இருநூறு கோடியைத் தாண்டியும் தாங்கும். மொய்க் கணக்குக்கு எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அடுத்து ஏஐ. "எழுதச் சொன்னா அதுவே எழுதித் தருதே, நாம எதுக்கு?" என்பார்கள். எழுதித் தருகிறது, உண்மை. நடுநடுவே இல்லாத ஃபங்ஷனை இருப்பது போலக் கூப்பிட்டும் எழுதுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் அந்தப் பட்டனை யாராவது தொடும் வரை அது வெளியே தெரியாது. கம்பைல் ஆகிற மொழியில் அந்தப் பொய் அங்கேயே பிடிபடும். ஏஐ கையில் இருப்பவனுக்குத்தான் கம்பைலர் இன்னும் அதிகம் தேவை என்பேன்.

நம்மவர்களால் இதெல்லாம் ஆகுமா என்று ஒரு தாழ்வு மனப்பான்மை நமக்குள் இருக்கிறது. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன், 1980-களிலேயே கணிப்பொறியில் தமிழுக்கு முரசு மென்பொருளைச் செய்தவர். ஸ்மார்ட்போன் பரவலாகாத 2005-ல், பொத்தான் வைத்த ஜாவா போன்களில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப "செல்லினம்" என்ற செயலியை சிங்கப்பூரில் வெளியிட்டார். அந்தப் போன்களின் ராம் இன்றைய நம் போனில் ஒரு போட்டோவுக்குக்கூடக் காணாது. ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவழித்தால்தான் அதில் தமிழ் ஓடும். அதற்குப் பிறகு ஐபோன், ஆண்ட்ராய்டு என்று அது வளர்ந்தது. இந்தப் பக்கம் தென்காசி மத்தளம்பாறையில் 2011-லிருந்து ஜோஹோ கம்பெனி நடக்கிறது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்துச் சொல்லிக்கொடுக்கப் பள்ளியே வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய அரட்டை செயலிதான் 2025 செப்டம்பர் கடைசியில் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அங்கே தேர்வுக்குப் போய் வந்த சீனியர்களைக் கேட்டால், முதல் சுற்றில் சி கேள்வி என்கிறார்கள். சென்டரில் தந்த ஜெராக்ஸ் அங்கே செல்லுபடியாகாது.

இன்னொரு ஆளையும் நினைத்துப் பாருங்கள். நம் வீட்டு அப்பத்தா, அம்மா கையில் இருப்பது நாம் பழசாக்கிக் கொடுத்த போன், 2 ஜிபி ராம். அதில் வாட்ஸ்அப், யூடியூப் போக மிச்சம் என்ன இருக்கும்? கூகுளே 2017-ல் 1 ஜிபியும் அதற்குக் குறைவான ராமும் உள்ள போன்களுக்கென்று ஆண்ட்ராய்டு கோ என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தது. விலை குறைந்த போனை வைத்திருப்பவர்கள் அத்தனை பேர். மொய் நோட்டு எழுதுகிறவரும், கண்டாங்கி நெய்கிற வீட்டுக்காரரும், ஆத்தங்குடிக் கல் போடுகிற பட்டறைக்காரரும் வைத்திருப்பது அந்தப் போன்தான். நாம் எழுதுகிற செயலி அதில் ஓடவில்லை என்றால் அது நம்ம ஊருக்கு எழுதியது ஆகாது.

கடைசியாகச் செலவு விஷயம். கூகுள் பிளேயில் கணக்குத் தொடங்க ஒரே ஒரு முறை 25 டாலர். நாலு பேர் பேட்சாகப் பிரித்தால் சென்டருக்குக் கட்டுவதில் பாதிகூட வராது. ஆப்பிளுக்கு வருஷா வருஷம் 99 டாலர், அதோடு மேக் கணிப்பொறியும் வேண்டும், ஆகவே அந்தப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். பிளேயில் தனிநபர் புதுக் கணக்குக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் செயலியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். முன்பு 20 பேர் என்று இருந்ததை 2024 டிசம்பரில் குறைத்தார்கள். வெளியில் இதற்கும் ஆள் பிடித்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறார்களாம். அறுபது பேர் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது எதற்கு?

எங்கள் மொய்ச் செயலிக்கு இதுவரை ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஐந்து பேர் நம் பிரிவு, நாலு பேர் சிவில். இன்னும் மூன்று பேர் வேண்டும். மெக்கானிக்கல் நண்பர்களும் வரலாம். போன் எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது, 2 ஜிபி போன் வைத்திருப்பவருக்கு முன்னுரிமை! லேப்புக்கு எதிரே மரத்தடியில் மதிய இடைவேளையில் இருப்போம். கேபிள் மட்டும் கொண்டு வாருங்கள்.